கிருஷ்ணனுக்கு வைத்த முகம்

பிரதீபா தன் மகளின் முகத்தைக் கிருஷ்ணனுக்கு வைத்தது திட்டம் போட்டுச் செய்த காரியம் அல்ல. கல்பாக்கத்திலிருந்து வந்த ஆர்டர் அது. வெண்ணெய்ப் பானைக்குள் கைவிட்டபடி திரும்பிப் பார்க்கும் குழந்தைக் கிருஷ்ணன், தஞ்சாவூர் ஓவியம், இரண்டடிக்கு ஒன்றரையடி. தங்கத்தாள் ஒட்டி, கல் பதித்து, உடம்புக்கு வண்ணமும் கொடுத்தாகிவிட்டது. முகம் மட்டும் வருவேனா என்றது. அச்சுப் படங்களில் இருக்கும் கொழுகொழு முகத்தை மூன்று முறை போட்டு, மூன்று முறையும் அழித்தாள்.

நான்காம் நாள் அவளுடைய மூன்று வயது மகள் தர்ஷினி, சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டுக்கொண்டு, அம்மா பார்த்துவிட்டாளா என்று திரும்பினாள். பிரதீபா திட்டக்கூட இல்லை, ஓடிப்போய் பிரஷ்ஷை எடுத்தாள். இடது புருவம் கொஞ்சம் ஏறி, மோவாயில் குழி விழுந்து, அச்சு அசல் தர்ஷினி. குழந்தை முகம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று அப்படியே விட்டுவிட்டாள். கணவன் பிரவின்குமார்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அவன் இதுவரை எதைத்தான் கண்டுபிடித்திருக்கிறான்?

ஒரு மாதம் கழித்து, ஓவியத்தை வாங்கிய சியாமளா போன் செய்தாள். கிரீடத்திலிருந்து ஒரு கல் விழுந்துவிட்டதாம், வந்து ஒட்டித் தர முடியுமா என்று கேட்டாள். தர்ஷினிக்கு அப்போது ஒன்பது நாளாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, தானாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தையை நாத்தனார் வைஷாலியிடம் விட்டுவிட்டு, கூடுவாஞ்சேரியில் ரயிலேறி, செங்கல்பட்டில் பஸ் மாறி, பகல் பதினோரு மணிக்கு சியாமளாவின் குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

பூஜையறைக் கதவைத் திறந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். படத்துக்கு மல்லிகை மாலை. நெற்றியில் சந்தனம், குங்குமம். முன்னால் விளக்கு. சாமி படத்துக்கு மாலை போடுவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் மாலைக்கு நடுவிலிருந்து பார்த்தது தர்ஷினி அல்லவா? பொட்டு வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றிச் சுவரில் மாட்டிய மனித முகம் என்றால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கல் ஒட்ட வேண்டும் என்று சொல்லி முதலில் மாலையை எடுக்க வைத்து, படத்தை இறக்கிக் கண்ணாடியைக் கழற்றினாள். அவசரத்தில் பசை கிரீடத்தைத் தாண்டி வழிந்தது. சியாமளா பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். சென்னையில் மூன்று முறை சிகிச்சை. இரண்டு தரித்து, இரண்டும் தங்கவில்லை.

"மத்த கிருஷ்ணன் எல்லாம் சாமி மாதிரி இருக்கும் பிரதீபா. இது நிஜக் குழந்தை மாதிரி பாக்குது. படம் வந்த நாள்லேருந்து இதுகிட்டதான் கேக்கறேன். நீ எங்க இருந்தாலும் சரி, அங்கேருந்து கெளம்பி என் வயித்துக்கு வந்துடுன்னு."

பிரதீபா பசையைக் கீழே வைத்துவிட்டாள். எங்கிருந்து கிளம்புவது? கூடுவாஞ்சேரி வீட்டில் பாயில் படுத்திருக்கும் பிள்ளை இன்னொருத்தி வயிற்றுக்கு எந்த வழியாக வர முடியும்? அந்த வழி எது என்று அவளுக்குத் தெரியும். வராந்தாவுக்கு ஓடிப்போய் வைஷாலிக்கு போன் போட்டாள்.

"தூங்கினுதான் கீறா அண்ணி. நெத்தி இன்னும் சுட்டுக்கினே கீது," என்றாள் வைஷாலி.

திரும்பி வந்தவள் ஒரு முடிவோடு வந்தாள். முகத்தில் வண்ணம் மங்கியிருக்கிறது, கொஞ்சம் சரிசெய்து தருகிறேன் என்று பொய் சொன்னாள். புருவத்தை இறக்கி, மோவாய்க் குழியை மூடிவிட்டால் போதும். ஐந்து நிமிஷ வேலை, பிறகு அது யாரோ ஒரு கிருஷ்ணன். நீலத்தைக் குழைத்து, பிரஷ்ஷைப் புருவத்தருகே கொண்டுபோனபோது சியாமளா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"முகத்துல மட்டும் கை வைக்காதம்மா. இன்னும் யார்கிட்டயும் சொல்லல, அவர்கிட்ட மட்டும்தான். நாள் தள்ளிப்போயி ஒம்பது நாள் ஆகுது. நேத்து டெஸ்ட் பண்ணோம், இருக்கு. இந்த முகம்தான் வந்திருக்கு. இத மாத்தினா இதுவும் தங்காம போயிடும்."

ஒன்பது நாள். பிரதீபா அந்தக் கணக்கை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இது என் பொண்ணு மூஞ்சி மேடம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் பெயர் என்ன என்று கேட்பாள். இதுவரை முகத்தை மட்டும் பார்த்துக் கூப்பிட்டவள், நாளையிலிருந்து பெயர் சொல்லியும் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். பிரஷ்ஷை மட்டும் கீழே இறக்கினாள்.

காபி கொண்டு வருகிறேன் என்று சியாமளா உள்ளே போனாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி, அதற்குள் அங்கே தாங்குவதற்கு என்ன இருக்கிறது, மெதுவாக நடந்து போனாள். அதைப் பார்த்த பிறகு பிரதீபாவால் பிரஷ்ஷைத் தூக்க முடியவில்லை. ஒரு கோடு போட்டால் அந்த நடை நின்றுவிடும். போடாவிட்டால் பாயில் கிடக்கும் உடம்பு குளிர்ந்துவிடும். இரண்டையும் அவள் முழுசாக நம்பினாள், அதுதான் கொடுமை.

பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கைகூப்பினாள். என் குழந்தையை விட்டுடு, அவளுக்குக் குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கோ என்று உதடு அசைய வேண்டிக்கொண்டாள். ஒருமுறை இல்லை, மூன்று முறை. கண்ணைத் திறந்தால் எதிரே தர்ஷினி. ஒரு கருவைக் கரைத்துவிடு என்று பெற்ற மகள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. காய்ச்சலைவிட, மாலையைவிட, தன்னை நினைத்துத்தான் அவளுக்கு இப்போது பயமாக இருந்தது.

வாசலில் காபி டம்ளரோடு சியாமளா நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்காக வேண்டிக்கிட்டியா?"

பிரதீபா தலையாட்டினாள்.

"வரைஞ்ச கை உன்னுது. நீ கேட்டா அது கண்டிப்பா செய்யும்," என்று சொல்லி சியாமளா டம்ளரை நீட்டினாள். பிரதீபா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.