கண்டறியப்படவில்லை

என் கொழுந்தன் மனைவி திரைச்சீலை தைக்கிறவள். நான் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவள். சுற்றுச்சூழல் அறிவியலைச் சாதாரண ஆட்களுக்குப் புரிகிற மாதிரி எழுதக் கற்றுத்தருகிறோம் என்று ஒரு நாளிதழ் ஆறு வார வகுப்பு வைத்தது. கடைசியில் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் வாராவாரம் எழுத இடம் தருவார்கள். அந்த இடம் எனக்குத்தான் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். போக வரத் துணையாக இருக்கட்டும் என்று ஓரகத்தியையும் சேர்த்துவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நானேதான்.

வகுப்பு நடத்தியவர் நாளிதழின் உதவி ஆசிரியர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிடுவதால் அவருக்குக் கத்தரி என்று பெயர். முதல் வாரமே என் கட்டுரையை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "குடிநீர் விநியோகக் கட்டமைப்பில் கன உலோகங்களின் கரைதிறன் சார்ந்த செறிவு வேறுபாடுகளை ஆராயுமிடத்து..." பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"மேடம், இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள தண்ணியே ஆவியாயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளைக் கோபித்துக்கொள்ளவாவது முடிந்திருக்கும்.

அடுத்தது அவளுடைய தாள். "உங்கள் வீட்டுக் குழாய்க்கு உங்களைவிட வயது அதிகம்" என்று ஆரம்பித்திருந்தாள். கத்தரி பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கடைசி வரி வரைக்கும் படித்தார். ஒரு சொல்கூட வெட்டவில்லை.

"எப்படிங்க எழுதினீங்க?"

"கடைக்கு வர்றவங்ககிட்ட படிச்சுக் காட்டுவேன் சார். கேட்டுக்கிட்டே இருக்கிறவங்க கண்ணு துணிப்பக்கம் போச்சுன்னா, அந்த வரிய அடிச்சுடுவேன்."

நானும் அன்றைக்கே என் கட்டுரையை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டாவது பத்தியில் அவர் குறட்டை விட்டார்.

எனக்கு வந்தது பொறாமைதான். அதற்கு வேறு கௌரவமான பெயர் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அமிலக்காரத்தன்மை என்று நான் எழுதினால் எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். "புளிப்பு ஏறின தண்ணீர் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்" என்று அவள் எழுதினால் தலையாட்டினார்கள். அந்த விஷயத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். என் அரிசியைப் போட்டு அவள் பொங்கிப் பரிமாறினாள். ஊரே அவள் கையைப் பாராட்டியது. வயிறு எரிந்தது.

கடைசிக் கட்டுரைக்கு ஒரு விதி இருந்தது. துறை தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்து, அடியில் "சரிபார்த்தேன்" என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் அச்சுக்குப் போகும். ஓரகத்தி தன் தாளை எடுத்துக்கொண்டு என் சோதனைக்கூடத்துக்கே வந்தாள். அவள் தெருத் தண்ணீரை நாங்கள் சோதித்த அறிக்கையை வைத்துத்தான் அதை எழுதியிருந்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"அக்கா, இது மட்டும் சந்தேகமா இருக்கு. சரியா?"

"நம் தெருத் தண்ணீரில் ஈயம் துளிகூட இல்லை" என்பது அந்த வரி. எங்கள் அறிக்கையில் அப்படி இல்லை. ஈயம் என்பதற்கு நேரே "கண்டறியப்படவில்லை" என்று இருந்தது. எங்கள் இயந்திரம் பழையது. ஒரு அளவுக்குக் கீழே ஈயம் இருந்தால் அதற்குத் தெரியாது. தெரியாததை அப்படித்தான் எழுதுவோம். இல்லவே இல்லை என்று சொல்ல எங்களால் முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்கு இதைத்தான் சொல்லித்தருவார்கள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருத்திக்கொள்வாள். அச்சில் வந்து யாராவது பிழை கண்டுபிடிக்கட்டும், தையல்காரிக்கு எதற்கு அறிவியல் என்று கேட்கட்டும் என்று நினைத்தேன்.

"சரிதான்" என்று கையெழுத்துப் போட்டேன்.

கட்டுரை வந்தது. ஒருவரும் பிழை கண்டுபிடிக்கவில்லை. வாராந்தர இடமும் அவளுக்கே கிடைத்தது. அடுத்த ஞாயிறு மத்தியானம் கொழுந்தன் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் ஓரகத்தி ஒரு கடிதத்தைப் பிரித்தாள். வாசகர் எழுதிய முதல் கடிதம். பெருமை முகத்தில் தெரிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இங்க கேளுங்க. 'உங்க கட்டுரையைப் படிச்சதுக்கு அப்புறம்தான் பயம் போச்சு. நானும் உங்க தெருதான், எங்க கட்டடத்துல பழைய ஈயக் குழாய்தான். இத்தனை நாள் தண்ணி வெளியில வாங்கினோம். இப்ப நாலு மாசக் குழந்தைக்குக் குழாய்த் தண்ணியிலதான் பால்மாவு கலக்குறேன். ரொம்ப நன்றி.'"

கொழுந்தன் கை தட்டினார். என் கணவரும் தட்டினார்.

"அந்தப் பொண்ணோட நம்பர் இருக்கா?" என்றேன்.

"கீழ எழுதியிருக்காங்க. ஏன் அக்கா?"

"உடனே கூப்பிடு. அந்தத் தண்ணிய நிறுத்தச் சொல்லு. அந்த வரி தப்பு."

"நான் கேட்டேனே. நீங்க சரின்னு சொன்னீங்களே?"

"தப்புன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். நீ நல்லா எழுதுறத என்னால தாங்க முடியல."

ஓரகத்தி என்னைத் திட்டவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். தப்பு தன்னுடையது என்றுதான் சொன்னாள், என் பெயரை எடுக்கவில்லை. பெருந்தன்மையிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது. பேசி முடித்துவிட்டு வந்து, ஒரு தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"திருத்தம் நீங்க எழுதுங்க."

எழுதினேன். "நம் தெருத் தண்ணீரில் ஈயம் இல்லை என்று போன வாரம் வந்தது தவறு. வீட்டுத் தராசில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் முள் அசையாது. அதற்காக உப்பு இல்லை என்று ஆகாது. எங்கள் இயந்திரமும் அப்படித்தான். பழைய ஈயக் குழாய் உள்ள வீடுகளில் குழந்தைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்க வேண்டாம். கட்டுரையை எழுதியவர் என்னிடம் கேட்டார். தெரிந்தே சரி என்று சொன்னவள் நான்." கீழே என் பெயரையும் பதவியையும் எழுதினேன்.

கத்தரி அதை இரண்டு தடவை படித்தார். எதையும் வெட்டவில்லை.

"ஆறு வாரமா இதைத்தானே மேடம் கேட்டேன்" என்றார். இனிமேல் என் கையெழுத்து செல்லாது என்றும் சொன்னார்.

அச்சில் வந்த என் முதல் எழுத்து அதுதான். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டாம். எல்லாம் எனக்குத் தகும்.

போன செவ்வாய்க்கிழமை ஓரகத்தி சோதனைக்கூடத்துக்கு வந்தாள். கையில் அடுத்த கட்டுரை. நான் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தேன்.

"நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, என் மேசையைத் தாண்டிப் போய், சேர்ந்து எட்டு மாதமே ஆன இளநிலை ஆய்வாளரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தாளின்மேல் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான் அந்தச் சின்னப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரகத்தியின் எழுத்தைப் பார்த்துக்கூட எனக்கு இவ்வளவு எரிந்ததில்லை.