நூற்று இருபது நோயாளிகள்

"கூண்டு எங்கேன்னு கேட்டாங்க" என்றாள் சின்னவள்.

"எந்தக் கூண்டு?"

"நோயாளிங்கள வைக்கப் போற கூண்டு. பதினேழாம் பக்கத்தப் பாரு."

பெரியவள் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டாள். நகலெடுக்கும் இயந்திரத்தின் மூடி மீது தங்கை விட்டெறிந்திருந்தது, பெரியவளே தட்டச்சு செய்து, தன் கணவர் சுருள் கம்பி போட்டுக் கொடுத்த ஆய்வு முன்மொழிவுதான். பதினேழாம் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய வட்டம். வட்டத்துக்குள் இருந்ததை உதடு அசையப் படித்தாள்: 'நூற்று இருபது நோயாளிகள் வயதுவாரியாக மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனிக் கூண்டுகளில் வைக்கப்படும். தினமும் காலையில் எடை பார்க்கப்படும். வாரம் ஒருமுறை நோயாளிகளின் கொண்டை நிறம் பதிவு செய்யப்படும்.'

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கல்லூரி வாசலுக்கு எதிரே பத்தொன்பது வருடமாக இந்தக் கடை. இத்தனை வருடத்தில் ஒரு முன்மொழிவைக்கூட வெற்றுப் பக்கத்திலிருந்து அவள் தொடங்கியதில்லை. ஏற்கெனவே கல்லூரியின் ஆய்வுக் குழுவில் தேறிய ஒன்றைத் திறப்பாள், தலைப்பையும் பெயரையும் மாற்றுவாள், பழைய சொல்லுக்குப் பதில் புதுச் சொல்லை ஒரே கட்டளையில் எல்லாப் பக்கத்திலும் போட்டுவிடுவாள். பின்னணி, ஆய்வுச் சிக்கல், முன்னாய்வுகள், நோக்கங்கள், ஆய்வு முறை, கால அட்டவணை என்று தலைப்புகள் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். உள்ளே சரக்கு மட்டும் மாறும். கூடப் பிறந்தவளுக்கு ஆயிற்றே என்று, முதல் தடவையிலேயே தேறிய ராசியான கோப்பாகத் தேடி எடுத்திருந்தாள். கோழி நோய்களைப் பற்றிய ஆய்வு அது. 'கோழிகள்' இருந்த இடத்திலெல்லாம் 'நோயாளிகள்' ஒழுங்காக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கூண்டும் கொண்டையும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பின்னால் கம்பி முறுக்கிக்கொண்டிருந்த அவள் கணவர் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "கொண்டை எந்த நிறத்துல இருந்தா டாக்டர சீக்கிரம் பாக்கலாம்னு கேட்கலையா?" என்றார்.

"மாமா, நீங்க வாய மூடிட்டு இருந்தா புண்ணியமாப் போகும்."

"நான் என்னம்மா செஞ்சேன். கம்பி ஒழுங்கா இருக்கா இல்லையா, அதச் சொல்லு."

சின்னவள் சிரிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய மருத்துவமனையில் புறநோயாளிகளுக்குச் சீட்டு பதிந்து கொடுக்கும் முகப்பில் பதினான்கு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். பகுதிநேர ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைப்பதற்கே மூன்று வருடம் அலைந்தாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்காங்க. இன்னொரு தடவ திருப்பினா பதிவையே எடுத்துடுவாங்களாம். அடுத்த வருஷம் எனக்கு நாப்பது முடிஞ்சிடும். அப்புறம் விண்ணப்பமே போட முடியாதுக்கா."

"என் தப்புதான்டி."

"குழுவுல நாலு பேரு சிரிச்சாங்க. தலைவரம்மா மட்டும் சிரிக்கல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு."

பெரியவள் தாள்களைப் புரட்டினாள். அவளுக்கும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. "நாலு தடவ படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்னு சொன்னியே."

"படிச்சேன்."

"எத?"

சின்னவள் கைப்பையின் பித்தானைத் திறந்து மூடினாள். "முன்னுரைய. அப்புறம் கடைசி ஒண்ணரைப் பக்கத்த. நடுவுல இருக்கறத எப்பவும் போல போட்டுடுக்கான்னு உங்கிட்ட சொல்லியிருந்தேன்ல."

அந்தக் கடைசி ஒன்றரைப் பக்கத்தின் தலைப்பு 'எதிர்பார்க்கப்படும் முடிவுகள்'. பதினொரு மணிக்கு வரச் சொல்லி நேரச் சீட்டு கொடுத்தாலும் சனங்கள் ஏன் காலை ஆறு மணிக்கே வந்து உட்காருகிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. நோயைப் பற்றிய பயமே காரணம் என்று அந்தப் பக்கங்களில் உருகி உருகி எழுதியிருந்தாள். அதன் கீழே அதே சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது: 'விடை தெரிந்துவிட்டது. கேள்வி எங்கே?'

பெரியவள் பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆனாலும் நானூறு முன்மொழிவுகளாவது அவள் விரல் வழியே போயிருக்கும். முதல் பக்கத்திலேயே கேள்வி தெளிவாக வந்துவிட்டால் விரல்கள் தாமாக வேகமெடுக்கும். வரவில்லை என்றால் எழுந்து போய்த் தேநீர் குடிக்கலாமா என்று தோன்றும். தங்கையின் தாள்களைத் தட்டியபோது நாலாம் பக்கத்திலேயே தேநீர் நினைப்பு வந்தது. அதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. சொல்லியிருக்கலாம்.

"சரி, கூண்ட எடுத்துடறேன். அந்த எடத்துல என்ன போட?"

"நூத்திருபது பேருக்குக் கேள்வித்தாள் கொடுப்பேன்னு போடு."

"ஏன் நூத்திருபது?"

"நீதானே போட்டிருக்க."

"அது கோழிக் கணக்குடி."

மாமா இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டார்.

"யாரு கேப்பா, நீயா?" என்றாள் பெரியவள்.

"வேற யாரு?"

"எங்கேருந்து? அந்தச் சீட்டு கொடுக்கற கண்ணாடிக்குள்ள இருந்துகிட்டா?"

சின்னவள் கைப்பையை மடியில் நகர்த்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "வெளிய வந்தாலும் என் மூஞ்சி எல்லாருக்கும் தெரியும்க்கா. பெஞ்சில போய் உக்காந்தா எழுந்து நின்னுக்குவாங்க."

"அப்ப நான் போறேன். கட ஒம்பதுக்குத்தானே திறக்கணும்."

"நீ போய் என்ன செய்வ?"

"உக்காந்திருப்பேன். உக்காரத்தானே அவங்களும் வர்றாங்க."

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்குப் பெரியவள் மருத்துவமனைக் கூடத்தில் இருந்தாள். இரும்பு நாற்காலிகளில் முக்கால்வாசி அதற்குள் நிரம்பிவிட்டன. தரை துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. துடைப்பவர் வரும்போதெல்லாம் ஒரு வரிசையே கால்களைத் தூக்கிக்கொண்டது. முகப்பின் கண்ணாடிக்குப் பின்னால் திரை இறக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பெண்மணி, அறுபது வயது இருக்கும், எலும்புப் படம் வைத்த பெரிய உறையை மடக்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"உங்களுக்கு எத்தன மணிக்குங்க?" என்று பெரியவள் கேட்டாள்.

"பதினொண்ணே முக்கால்."

"இப்பவே வந்துட்டீங்க."

"நீயும்தான் வந்திருக்க."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவும் சிரித்தார். முட்டியைப் பற்றிப் பேசினார்கள், மருமகளைப் பற்றிப் பேசினார்கள், மாடிப்படி இல்லாத வீடு கிடைக்காததைப் பற்றிப் பேசினார்கள். பிறகுதான் பெரியவள் மெதுவாகக் கேட்டாள்: "பயமா இருக்குமோ, அதான் சீக்கிரம் வந்துடறீங்களா?"

"முட்டிக்கு என்னம்மா பயம். அது வந்து எட்டு வருஷமாச்சு." அந்த அம்மா திரையைப் பார்த்தார். "உள்ள ஒரு பொண்ணு உக்காரும். எட்டு மணிக்குத் திறந்ததும் முதல்ல போற முப்பது பேர அது நிமிர்ந்து பாக்கும். எந்த அறை, எந்தப் பக்கம் போகணும், எல்லாம் பதமாச் சொல்லும். காலையில பாத்தா தங்கமான பொண்ணு. நேரம் ஆக ஆகத் தல குனிஞ்சிடும். பத்து மணிக்கு மேல போய் ஒண்ணு கேட்டா, 'சீட்டுல எழுதியிருக்குல்ல, படிங்க'ன்னுடும்."

"ம்."

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. பின்னால அத்தன பேர் நிக்கறப்ப அதச் சொல்ல முடியுமா? அதான் வெள்ளன வந்து முன்னால நின்னுக்கறது."

எட்டு மணிக்குத் திரை ஏறியது. பெரியவள் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். சின்னவள் தலை வாரி, நெற்றி பளிச்சென்று, ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். உறையை அணைத்திருந்த அம்மாவிடம் கையை வலப்பக்கம் நீட்டி, விரலால் மூன்று என்று காட்டினாள். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அன்று மதியம் வரை பெரியவளுக்கு விரல் ஓடவில்லை. யாருடைய துணைநூல் பட்டியலிலோ ஒரே நூலை மூன்று தடவை அடித்துவிட்டாள்.

"என்ன கேட்டுட்டு வந்த?" என்றார் கணவர்.

சொன்னாள். அவர் கம்பியைக் கீழே வைத்தார்.

"அவகிட்ட சொல்லு."

"உடைஞ்சு போயிடுவா. ஒரு நாள்கூட லீவு போடாம உழைக்கிறவ."

"அப்ப சொல்லாத. பயம்தான் காரணம்னே அடிச்சுக் கொடு. நான் நல்ல கம்பியாப் போட்டுத் தர்றேன், வெள்ளிக்கிழமை திருப்பிடுவாங்க."

பெரியவள் அவரை முறைத்தாள். அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் முறைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பணி முடிந்து சின்னவள் கடைக்கு வந்தாள். தேநீரை அவள் குடித்து முடிக்கும்வரை பெரியவள் காத்திருந்தாள். பிறகு எதையும் கூட்டாமல் குறைக்காமல், அந்த அம்மா சொன்ன வரிசையிலேயே சொன்னாள். தங்கம் என்று சொன்னதையும் விடவில்லை.

சின்னவள் மேசையில் கிடந்த தாள் ஊக்கு ஒன்றை எடுத்து நேராக்கினாள். "என் பேரச் சொன்னாங்களா?"

"பேரு தெரியாது அவங்களுக்கு."

"ஒரு நாளைக்கு நானூறு பேரு வர்றாங்கக்கா."

"தெரியும்டி."

"பத்து மணிக்கு மேல கழுத்து பிடிச்சுக்கும். நிமிரவே முடியாது."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் பிடிக்கும்."

அக்காவின் பின்கழுத்தில் ஒட்டியிருந்த வலிநிவாரணப் பட்டையைச் சின்னவள் அப்போதுதான் பார்த்ததுபோலப் பார்த்தாள். ஊக்கை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

புதன்கிழமை முழுவதும் ஆள் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை மதியம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து நின்றாள், கையில் எட்டுத் தாள், எல்லாம் அவள் கையெழுத்து. அடித்துத் திருத்தி, ஓரத்தில் கோடு இழுத்து, ஒரு தாளில் தேநீர்க் கறையோடு.

"நான் சொல்லச் சொல்ல நீ அடி."

பெரியவள் பழக்கத்தில் பழைய கோப்பைத் திறக்கப் போனாள்.

"அது வேண்டாம்க்கா. புதுசு திற."

வெள்ளைப் பக்கம் திரையில் வந்தது. இத்தனை வருடத்தில் அதை அவள் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. தலைப்புகளை எங்கே வைப்பது என்று ஒரு கணம் கை தடுமாறியது.

சின்னவள் சொன்னாள். நோய்ப் பயம் போயிருந்தது. என் பதினான்கு ஆண்டு அனுபவத்தில் என்று தொடங்கிய பத்தியும் போயிருந்தது. முகப்பில் கிடைக்கும் பேச்சு, நேரத்துக்கு நேரம் எப்படி மாறுகிறது, அதற்கும் மக்கள் வந்து சேரும் நேரத்துக்கும் தொடர்பு உண்டா என்பதே கேள்வி. முதல் பக்கத்தில், மூன்றாவது வரியிலேயே அது வந்துவிட்டது.

"ஆள் எத்தன பேர்?" என்றாள் பெரியவள்.

"நாப்பது. எட்டு மணிக்குப் போனவங்க இருபது, பத்தரைக்குப் போனவங்க இருபது."

"ஏன் நாப்பது?"

"ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு மணி நேரமாவது பேசணும். முட்டிலேருந்து ஆரம்பிச்சாத்தான் அங்க வர முடியும். அதுக்கு மேல ஆள் வச்சா ஏமாத்தறதாயிடும்."

ஆய்வு முறையின் கடைசிப் பத்திக்கு வந்தபோது சின்னவள் தாளைப் பார்க்காமலே சொன்னாள்: "'ஆய்வாளர் இதே முகப்பில் பணிபுரிபவர். ஆய்வுக்கு உரிய நடத்தை அவருடையதும் ஆகும். எனவே நேர்காணல்களை அவர் நடத்தமாட்டார், வேறொருவர் நடத்துவார்.'"

பெரியவள் கையை எடுத்தாள். "இத எழுதித்தான் ஆகணுமா? உங்க ஆஸ்பத்திரில யாராவது பாத்தா?"

"பாக்கட்டும்."

"நல்லா யோசிச்சியா?"

"ரெண்டு நாளா வேற எதையும் யோசிக்கலக்கா. அடி."

அடித்தாள். 'எதிர்பார்க்கப்படும் முடிவுகள்' என்ற தலைப்பின் கீழ் இந்தத் தடவை இரண்டே வரிதான் இருந்தது. மொத்தம் பன்னிரண்டு பக்கம். மாமா குழுவுக்கான ஐந்து பிரதிகளுக்கும் கம்பி போட்டு, வாய் திறக்காமல் நீட்டினார். அவர் அப்படி இருந்தது இருவருக்குமே கொஞ்சம் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பெரியவளும் கூடப் போனாள். குழு கூடும் அறையின் கதவு சரியாகச் சாத்தவில்லை. மரம் உப்பி, கை அகலத்துக்குத் திறந்தே நின்றது. வெளியே சுவரோரமாக நின்றவளுக்குத் தங்கையின் முதுகும், எதிரே தலைவரம்மாவின் நரைத்த வகிடும் தெரிந்தன. உள்ளே பேசுவதும் நன்றாகவே கேட்டது.

நேரம் பற்றிக் கேட்டார்கள். சொன்னாள். நாற்பது பற்றிக் கேட்டார்கள். சொன்னாள். பிறகு தலைவரம்மா ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"நீங்க பேட்டி எடுக்கப் போறதில்லன்னு போட்டிருக்கீங்க. சரி. ஆனா இப்படி ஒரு விஷயம் இருக்குன்னே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்களே."

"சொல்ல மாட்டாங்கம்மா. எங்க அக்காகிட்ட சொன்னாங்க."

"அக்கா ஆராய்ச்சி பண்றவங்களா?"

"இல்லம்மா. டைப் அடிக்கிறாங்க."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். போன தடவைபோல இருந்ததா, வேறு மாதிரியா என்று பெரியவளால் சொல்ல முடியவில்லை. அவள் கதவிடுக்குக்கு இன்னும் நெருங்கினாள். கம்பி போட்ட தாள்கள் மூடப்படும் சத்தம் அவளுக்குத் தெரியும். கம்பி நெருடும், பிறகு அட்டை பட்டென்று விழும். அது ஐந்து முறை விழுந்தால் திருப்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அட்டை விழவில்லை. ஒருவர் தாளைப் பின்னோக்கிப் புரட்டுவது கேட்டது. அடுத்து இன்னொருவர். பிறகு ஐந்து பேருமே ஒவ்வொரு தாளாக, அவசரமில்லாமல், கேள்வி இருந்த முதல் பக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். சின்னவளின் கை பின்கழுத்துக்குப் போய் ஒரு தடவை அழுத்திவிட்டு இறங்கியது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.