பன்னிரண்டே முக்கால் அங்குலம்

"உங்க வீட்டம்மா எந்தப் பக்கம் படுப்பாங்க?" என்று கேட்டார் ராய்ஸ் ஆட்கின்ஸ். மீன்புழு கட்டிக் கொடுக்கும் பழுப்புக் காகிதப் பையைக் கிழித்து விரித்து, அதில் தச்சர் பென்சிலால் ஹார்லன் டீட்ஸின் வீட்டை வரைந்து வைத்திருந்தார். அந்த வீட்டுக்குள் அவர் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. ஆனாலும் சமையலறை, கூடம், குளியலறை என்று அவர் இழுத்த கோடுகளின் தீர்மானம், அதைக் கட்டிய கொத்தனுக்குக்கூட இருந்திருக்காது. படுக்கையறை என்று எழுதிய சதுரத்தின் மேல் பென்சில் முனை காத்துக்கொண்டிருந்தது. ஹார்லன் காகிதக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கமாக விரலை வைத்தார்.

"இங்க. ஜன்னலோரம். அவளுக்குக் காத்து வேணும்."

பென்சில் அங்கே ஒரு வட்டம் போட்டது. வட்டத்துக்குள் 'லவோன்' என்று பெயரும் எழுதியது.

ஏரிக்கரையில் இருக்கும் கடை அது. முன்பாதியில் தூண்டில், புழு, உயிர்மீன் தொட்டிகள், பின்பாதியில் துப்பாக்கிகள். தொட்டி மோட்டாரின் ரீங்காரம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். ராய்ஸ் இளவயதில் மூன்று வருடம் ராணுவத்தில் இருந்தவர். அந்த மூன்று வருடத்தை நாற்பது வருடமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் தீரவில்லை. துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் குரல் ஒரு கட்டை இறங்கும். முன்னால் நிற்பவன் ஒற்றை ஆளாக இருந்தாலும் ஒரு படைப்பிரிவையே பார்ப்பதுபோல் அவன் தலைக்கு மேலே பார்ப்பார். அவர் அங்கே சமையல் கூடாரத்தில்தான் இருந்தார், அதிகம் கையாண்ட ஆயுதம் உருளைக்கிழங்கு சீவும் கத்தி என்பது ஃபெரல் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். ஃபெரல், ஓய்வுபெற்ற தபால்காரர். கல்லாவுக்குப் பக்கத்தில், காபிப் பாத்திரத்துக்கு எதிரே, தனக்கென்று ஒரு ஸ்டூலைப் பிடித்து வைத்திருப்பவர். எதையும் வாங்கியதாக யாரும் பார்த்ததில்லை.

ஹார்லன் அங்கே வருவது இது ஏழாவது வியாழக்கிழமை. இந்தப் பக்கத்தில் ஒரு ஷாட்கன் வாங்க இருபது நிமிஷம் போதும். தர்பூசணியைத் தட்டிப் பார்த்து வாங்க அதைவிட நேரமாகும். அவர் கேட்டதும் பெரிய சமாசாரமில்லை, வீட்டுக் காவலுக்கு விலை குறைவாக ஒன்று. ராய்ஸ் அதை ஒரு படிப்பாகவே ஆக்கிவிட்டார். முதல் வாரம், குழல்வாயின் அளவு பன்னிரண்டு கேஜா இருபது கேஜா என்பது. பன்னிரண்டு தோளைப் பெயர்க்கும், இருபது சாது. இரண்டாம் வாரம், நடுவில் மடித்துத் திறக்கும் ஒற்றைக் குழலா, முன்பிடியை இழுத்துத் தள்ளும் பம்ப்பா என்பது. ஒற்றைக் குழல் நூற்றைம்பது டாலருக்கே வரும், ஆனால் ஒரே வெடிதான். பம்ப் இருநூற்றுச் சொச்சம்.

"பம்ப்புல விஷயமே அந்த சத்தம்தான்," என்று ராய்ஸ் ஒன்றை எடுத்து இழுத்துத் தள்ளிக் காட்டினார். "க்ளாக், க்ளாக். சுடவே வேணாம் சார். இருட்டுல இது காதுல விழுந்தா எவனா இருந்தாலும் பேண்ட்டுலயே போயிடுவான்."

"உன் வீட்டுக்குள்ள இதுவரைக்கும் பூந்தவன் உன் மச்சினன் ஒருத்தன்தான்," என்றார் ஃபெரல் ஸ்டூலிலிருந்து. "அவன் அந்த சத்தத்தைக் கேட்டுட்டு, சோறு ரெடியான்னு கேட்டானாம்."

"யோவ், வாங்கறவங்க நிக்கறப்ப வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டியா?"

நான்காம் வாரம் ரவையின் அளவு. மான் ரவை அட்டைச்சுவரைத் துளைத்துக்கொண்டு போகும், பறவை ரவை போகாது என்பது இல்லை, கொஞ்சம் குறைவாகப் போகும். ஆகையால் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. வீட்டுக் காவலுக்கென்று துப்பாக்கி கேட்கும் எவனிடமும் எந்தக் கடையிலும் கேட்கிற கேள்விதான். "வீட்ல வேற யார் இருக்காங்க?" என்று ராய்ஸ் முதல் நாளே கேட்டிருந்தார். "பொண்டாட்டி," என்று ஹார்லன் சொல்லியிருந்தார். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. நாற்பத்து நான்கு வருடம் அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். நாக்கு தன் பாட்டுக்கு வழக்கமான பாதையில் போய்விட்டது. பின்னால் ஓடிப்போய் அதைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் ராய்ஸ் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

லவோன் செத்து இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. இல்லினாய்க் குளிர் போதும், ஓய்வு பெற்றதும் ஆர்க்கன்சா ஏரிப்பக்கம் போய்விடலாம் என்று பத்து வருடம் நச்சரித்தவள் அவள்தான். வீட்டைப் பார்த்தவளும் அவள்தான், திரைச்சீலைக்குத் துணி எடுத்தவளும் அவள்தான். குடிவந்த மூன்றாம் மாதம் பரிசோதனைக்கென்று பழைய ஊரான பியோரியாவுக்குப் போனவள் அங்கேயே, தன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். ஹார்லன் மட்டும் திரைச்சீலையிடம் திரும்பி வந்தார். ஊரில் யாரும் அவளைப் பார்த்ததில்லை. பார்க்காத ஒருத்திக்காக யார் வந்து துக்கம் விசாரிப்பார்கள்? வடக்கத்தி ஆள், ரோட்டிலிருந்து அரை மைல் உள்ளே இருக்கிறான், தொந்தரவு வேண்டாம் என்று நினைத்திருப்பான் என்று ஊர் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. தொந்தரவுக்கு ஏங்கிக் கிடப்பதைப் பலகையில் எழுதி வாசலில் நட முடியுமா என்ன?

துப்பாக்கி நினைப்பு வந்ததே ஜனவரியில், ஒரு சாயங்காலம். ஒரு கார் அவருடைய தனிப்பாதையில் திரும்பி, விளக்கோடு வீட்டை நோக்கி வந்தது. ஹார்லன் வாசல் விளக்கைப் போட்டார். நாற்காலியில் குவிந்திருந்த பழைய செய்தித்தாளை அள்ளிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். காபிக்குத் தண்ணீர் ஊற்றினார். குளியலறைக் கண்ணாடியில் தலையைக்கூட வாரிக்கொண்டார். கார் முற்றம் வரை வந்து, நின்று, யாரோ வரைபடத்தைத் தப்பாகப் பார்த்த பாவனையில் அரைவட்டம் அடித்துத் திரும்பிப் போய்விட்டது. யாராக இருக்கும், எதற்காக வேவு பார்த்தார்கள் என்று மறுநாள் காலை வரை யோசித்தார். பயமாகத்தான் இருக்க வேண்டும், நெஞ்சில் கனப்பது வேறு என்னவாக இருக்கும் என்று முடிவுக்கு வந்தார். அந்த வாரமே வியாழக்கிழமை கடைக்கு வந்துவிட்டார்.

வந்த பிறகுதான் தெரிந்தது, லவோனுக்கு இங்கே வாரத்தில் ஒரு மணி நேரம் உயிர் இருக்கிறது என்று. "அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கு?" என்று ராய்ஸ் கேட்பார். இரண்டாம் வாரம் அவள் ஏன் வரவில்லை என்பதற்காக ஹார்லன் சொன்ன முட்டிவலி அது. "பரவாயில்ல, படிதான் ஏற முடியல." அடுத்த வாரம், "இப்பப் படி ஏறுறா." அதற்கடுத்த வாரம் அவள் சோளரொட்டி சுட்டாள், கருகிவிட்டது, பழியை அடுப்பின் மேல் போட்டாள். அது நடந்ததுதான், முப்பது வருடத்துக்கு முன்னால், வேறு அடுப்பில். திரும்பி ஓட்டிப் போகும்போது அடுத்த வியாழனுக்கு அவள் என்ன செய்வாள் என்று யோசித்துக்கொண்டே போவார். துப்பாக்கியை வாங்கிவிட்டால் அதோடு வியாழக்கிழமை முடிந்தது. அதனால் கேஜிலும் ரவையிலும் குழல் நீளத்திலும் அவருக்குச் சந்தேகங்கள் சுரந்துகொண்டே இருந்தன. ராய்ஸுக்கோ, சந்தேகம் கேட்பவனைப் போல் சொந்தக்காரன் வேறு கிடையாது.

அந்த ராய்ஸ்தான் இப்போது வரைபடத்திலிருந்து நிமிர்ந்து, படைப்பிரிவைப் பார்த்தார்.

"ஹார்லன் சார், நமக்கு ஒரு கொள்கை உண்டு. வீட்ல ரெண்டு பேர் இருந்தா, ரெண்டுல சின்ன தோள் யாருதோ அவங்களுக்குத்தான் துப்பாக்கியோட பின்கட்டை பொருந்தணும். நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்குத்தானே திருடன் வருவான்? அடுத்த வியாழன் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. தோள்ல வெச்சுப் பாத்துடலாம்."

"முட்டி..."

"அதுவும் சரிதான். அப்ப நாங்க வந்துடறோம். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் நானும் என் வீட்டம்மா ட்வைலாவும் வர்றோம். அவ பீக்கன் பருப்பு போட்ட இனிப்பு 'பை' சுட்டு எடுத்துட்டு வருவா. இந்தப் படம் சரியான்னும் பாத்த மாதிரி ஆச்சு."

இரண்டு வருடமாக எந்த வாக்கியத்துக்காக ஹார்லன் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாரோ, அந்த வாக்கியம். வருகிறோம். அதுவும் பலகாரத்தோடு. அவருக்கு வியர்த்துவிட்டது. "வேணாம் வேணாம்," என்று கையை ஆட்டினார், பாத்திரக்காரனை விரட்டுவதுபோல. "வீடு... அவளுக்கு வீடு ஒழுங்கா இல்லாதப்ப யாராவது வந்தா பிடிக்காது. அளவு எடுத்துட்டு வந்தா போதாதா?"

ராய்ஸ் யோசித்தார். கொள்கை கொஞ்சம் வளைந்தது. "எடுக்கலாம். முழங்கையை மடக்கச் சொல்லுங்க. உள்மடிப்புல இருந்து ஆள்காட்டி விரலோட முதல் கணு வரைக்கும். அதான் கட்டையோட நீளம். கால் அங்குலம்கூடப் பிசகக் கூடாது."

ஃபெரல் காபியை ஊதிக்கொண்டே ஹார்லனைப் பார்த்தார். பிறகு பென்சில் வட்டத்துக்குள் இருந்த பெயரைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் சர்ச் முடிந்து யார் வீட்டிலோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், ஹார்லன் அலமாரியிலிருந்து நீலக் கம்பளிக் கோட்டை எடுத்துச் சமையல் மேஜையில் படுக்க வைத்தார். பியோரியாக் குளிருக்குப் போட்ட கோட்டு. தெற்கே வந்த பிறகு இது எதற்கு என்று கேட்டபோது, 'இருக்கட்டும்' என்றாள். முழங்கைச் சுருக்கங்கள் அவள் மடக்கிய இடத்திலேயே மடங்கிக் கிடந்தன; அவர் மடக்க வேண்டியிருக்கவில்லை. பையிலிருந்த கையுறையை எடுத்துக் கைநுனியில் பொருத்தினார். ஆள்காட்டி விரல் கொஞ்சம் வளைந்திருந்தது, யாரையோ கூப்பிடுகிறாற்போல. அளவு நாடாவை வைத்தார். முதல் தடவை பன்னிரண்டரை, அடுத்த தடவை பதின்மூன்று. மூன்றாம் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். எழுதினார். கோட்டை உடனே மாட்டிவிட மனம் வரவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாடு மேஜையின் ஓரத்தில் நடந்தது.

"பன்னிரண்டே முக்கால்," என்று வியாழக்கிழமை சொன்னார்.

ராய்ஸ் கல்லாவில் தட்டினார். "நான் சொல்லல? இருபது கேஜ், குட்டைக் கட்டை, பம்ப். அச்சு அசலா பன்னிரண்டே முக்கால். பின்னாடி இருக்கு, எடுத்துட்டு வர்றேன்." போகிற போக்கில் அரசாங்கப் படிவத்தையும் பேனாவையும் ஹார்லன் முன்னால் தள்ளிவிட்டுப் போனார். ஹார்லன் பெயரை எழுதினார், முகவரியை எழுதினார், குற்றவாளி இல்லை, பைத்தியம் இல்லை, தேடப்படுபவர் இல்லை என்று வரிசையாக நிரப்பினார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் அந்தப் படிவம் கேட்கவே இல்லை.

தொட்டி மோட்டார் ரீங்கரித்தது. ஃபெரல் ஸ்டூலை அரையடி நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"ஆறாம் நம்பர் ரூட்டு என்னோடதுதான். முப்பத்தோரு வருஷம். போன வருஷம்தான் விட்டேன்." குரலைத் தாழ்த்தியிருந்தார். "உங்க தபால் பெட்டி ரோட்டு முனையில. நீங்க என்னைப் பாத்திருக்க மாட்டீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி, அக்டோபர்ல, ஒரே வாரத்துல நாப்பத்தியொரு கவர் போட்டேன். எல்லாம் சதுரக் கவர், எல்லாம் பியோரியா முத்திரை, எல்லாம் உங்க பேருக்கு மட்டும். இத்தனை வருஷத்துல எனக்குப் பொறந்தநாள் கார்டு எது, துக்கம் விசாரிக்கிற கார்டு எதுன்னு தெரியாதா?"

ஹார்லனின் பேனா கையெழுத்துக்கு மேலே நின்றது. முகத்தில் ரத்தம் ஏறியது. கடை முழுக்க ஏழு வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்ததோ என்று ஒரு கணம் தோன்றியது. "ராய்ஸுக்கு..."

"ராய்ஸா? அவன் பேசறப்ப அவனுக்குக் காது கேக்காது. எப்பவும் பேசிட்டுத்தான் இருக்கான்." ஃபெரல் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், சாதாரணமாக, யாரும் யாரிடமும் கேட்பதுபோல்: "முட்டி எப்படி இருக்கு அவங்களுக்கு?"

ஹார்லன் கையெழுத்தைப் போட்டார். "தேவல," என்றார். "இப்ப நல்லா நடக்கறா."

"நல்லது," என்றார் ஃபெரல்.

ராய்ஸ் துப்பாக்கியோடு வந்தார். ஹார்லன் தோளில் வைத்துப் பார்த்தார். கட்டை குட்டையாக இருந்து கட்டைவிரல் மூக்கில் இடித்தது. "உங்களுக்கில்ல சார், அவங்களுக்கு," என்று பெருமையோடு சொல்லிவிட்டு ராய்ஸ் தொலைபேசியில், குற்றப் பதிவைச் சரிபார்க்கும் மேலிடத்துக்குப் படிவ விவரம் படித்தார். கேட்டார். முகம் தொங்கியது. "மூணு நாள் காத்திருக்கணுமாம். உங்க பேர்ல இன்னொருத்தன் எங்கயோ இருக்கானாம். என்ன அநியாயம் இது! என் வாடிக்கைக்காரரை..." சமையல் கூடாரத்துப் படைவீரர், துப்பாக்கி வைக்கும் உரிமை என்று அரசியல் சாசனத்தை எடுத்துக்கொண்டு பேசக் கிளம்பினார்.

"பரவாயில்ல," என்றார் ஹார்லன் அவசரமாக. இந்த நாட்டிலேயே அந்தப் பதிலைக் கேட்டு முகம் மலர்ந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். "அடுத்த வியாழக்கிழமை வர்றேன்."

கதவருகே ஃபெரல் வந்து சேர்ந்துகொண்டார். கையில் மூடி போட்ட காகிதக் கோப்பை. "உங்களுது குடிச்சாச்சு. இது வீட்டுக்கு," என்றார். "சர்க்கரை போடல. போடுவாங்களா?"

"ஒண்ணு," என்றார் ஹார்லன்.

ஃபெரல் திரும்பிப் போய் ஒன்று போட்டுக் கலக்கி, மறுபடி மூடிக்கொண்டு வந்தார்.

பழைய வண்டியில் கோப்பை வைக்க இடமில்லை. பக்கத்து இருக்கையில் நிறுத்தி, வளைவுகளில் வலது கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஹார்லன் ஏரிச்சாலையில் மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்த ஒருவன் ஒலியெழுப்பி முந்திக்கொண்டு போனான். வெளியே பிப்ரவரிக் குளிர். மூடியின் துளையிலிருந்து ஆவி எழுந்து, முன்கண்ணாடியில் அந்தப் பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மூட்டம் கட்டிக்கொண்டிருந்தது, யாரோ அங்கே உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டு வருவதுபோல. துடைக்கவென்று எடுத்த கையை அவர் மறுபடி கோப்பையின் மேலேயே வைத்துக்கொண்டார்.