ரெண்டு வாரம், மூணு பேர்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த அலுவலகத்தில் எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மருத்துவமனைகளுக்காக அவர்கள் செய்த மென்பொருளில் மாற்றங்கள் வெளியாகும் நாள் அது. நோயாளிப் பதிவு, மருந்துக் கிடங்கு, படுக்கை ஒதுக்கீடு எல்லாம் பதினைந்து வருடமாக ஒரே புரோகிராமுக்குள் பின்னிக் கிடந்தன. போன தடவை மருந்துக் கிடங்கில் ஒரு வரியைத் திருத்தப் போக, எந்த வார்டிலும் காலிப் படுக்கையே இல்லை என்று திரை சாதித்தது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதிவிடலாம், இரண்டு வருடம் ஆகும் என்றார் இயக்குநர். கூட்டத்தில் தலையாட்டாதவள் மென்பொருள் வடிவமைப்பாளர் ஒருத்திதான். அவளுடைய தங்கை அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டும் நர்ஸ். அதனால் திட்டெல்லாம் அவள் வீட்டுக்கே வந்துவிடும்.

"ரெண்டு வருஷம் வேண்டாம் சார். ரெண்டு வாரமும் நாலு பேரும் குடுங்க. படுக்கைப் பகுதியை மட்டும் தனியா பிரிச்சு ஓட்டிக் காட்டறேன்."

அவர் மூன்று பேரைக் கொடுத்தார்: டேட்டாபேஸ்காரர், செய்ததைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர், முணுமுணுக்காமல் எந்த வேலையும் செய்யாத ஒரு புரோகிராமர்.

முதல் நாள் யாரும் கணினியைத் தொடவில்லை. மூவரையும் தங்கையின் வார்டுக்குக் கூட்டிப்போய் ஓரமாக நிற்க வைத்தாள். திரையில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் பன்னிரண்டு இருந்தன. நர்ஸுகளுக்குத் தேவைப்பட்டவை மூன்றுதான். மற்றவற்றில் ஆளாளுக்கு ஒரு புள்ளி வைத்து நகர்ந்தார்கள். அந்தக் கட்டங்களை ஒரு காலத்தில் எழுதிய புரோகிராமர் திரும்பும் வழியிலேயே ஒரு தாளில் மூன்றே கட்டங்களோடு புதுத் திரையை வரைந்தார்.

தினமும் காலையில் நின்றபடியே கால் மணி நேரம் பேசினார்கள். நாலாம் நாள் டேட்டாபேஸ்காரர் கையை விரித்தார். படுக்கை விவரம் மருந்துப் பட்டியலோடு ஒட்டிக் கிடக்கிறது, பிரித்தால் இரண்டும் போய்விடும் என்றார். அப்படியானால் கொஞ்ச நாள் பழசு, புதுசு இரண்டிலும் எழுதி, மணிக்கொரு தரம் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றாள் அவள். ஒப்பிட்டபோது இரண்டு படுக்கைகளின் கணக்கு ஒத்துப்போகவில்லை. டெஸ்டர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த இரண்டையும் எப்போதோ உடைத்துத் தூக்கிப் போட்டிருந்தார்கள். இல்லாத படுக்கைகளைப் பழசுதான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, பழைய புரோகிராமோடு இருந்த இணைப்பை அறுத்தார்கள். குறை சொல்லி ஒரு நர்ஸும் போன் செய்யவில்லை. அலுவலகத்தில் யாரும் நம்பவுமில்லை.

அடுத்த திங்களன்று பழைய புரோகிராம் மொத்தமாகப் படுத்துவிட்டது. அலுவலகமே ஓட்டமும் நடையுமாக இருந்தபோது தங்கை அழைத்தாள். அக்கா போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். பக்கத்தில் இயக்குநர் நின்றிருந்தார்.

"அக்கா, ஒரு பஸ் கவுந்து பதினோரு பேர் வந்திருக்காங்க. மத்த திரையெல்லாம் நின்னுபோச்சு. உங்க படுக்கைத் திரை மட்டும் ஓடுது. அத்தனை பேருக்கும் இடம் குடுத்துட்டேன்."

டேட்டாபேஸ்காரர் மேஜையை ஓங்கித் தட்டினார். முணுமுணுப்புக்காரர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

இயக்குநர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தார்.

"அடுத்து எதைப் பிரிக்கலாம்? சொல்லுங்கம்மா. இந்தத் தடவை எத்தனை பேர் வேணும்?"

"இதே மூணு பேர் போதும் சார்," என்றாள் அவள்.