வாலில் ஏறிய இருநூறு கிராம்

கூடத்தில் கிடந்த சோபா மாடிப்படிக்கு அடியில் போய் மூன்று வருடமாகிறது. அது இருந்த இடத்தில் ஒரு சண்டை விமானம் நிற்கிறது. பழைய போரில் பறந்த ஒன்றை நாலில் ஒரு பங்காகச் சுருக்கி, பெட்டி பெட்டியாக வந்த மரத்துண்டுகளை ஒட்டி, லிஃப்ட் மெக்கானிக் தன் கையாலேயே கட்டியது. இறக்கை எட்டரை அடி, எடை பதினாலு கிலோ, மூக்கில் பெட்ரோல் இன்ஜின், தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டுவது. வீட்டுக்கு யார் வந்தாலும் இறக்கைக்கு அடியில் குனிந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும்.

"என் மச்சான் உள்பட எல்லாரும் என் முன்னாடி குனியிறாங்க, வேற என்ன வேணும்?" என்பார் மெக்கானிக்.

அவர் மனைவிக்குப் பல்செட் செய்கிற வேலை. இருபத்திரண்டு வருட அனுபவம். அவள் நிறம் சேர்த்து வைத்த பல்லைப் பார்த்து, எது புதிது, எது பழையது என்று டாக்டரே தடுமாறுவார். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது தன்னால்தான் என்று சொல்லிக்கொள்வாள். அதில் பொய்யும் இல்லை.

பத்து நாளைக்கு முன்னால், மெக்கானிக் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சுவரில் சாய்த்து வைத்த இஸ்திரி மேசை சறுக்கி விமானத்தின் வால்மேல் விழுந்தது. வாலில் சின்னச் சிறகு போல இரண்டு பக்கமும் நீளும் கிடைப்பலகை இடது பக்கம் குறுக்கே பிளந்துவிட்டது. அவளுக்கு உயிரே போனது போல இருந்தது. "கடவுளே, என் கையை நீதான் பிடிச்சுக்கணும்" என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கடித்தாலும் உடையாதபடி செய்வதுதான் அவள் தொழில். அதே முறையில் உள்ளே கம்பி கொடுத்து, மேலும் கீழும் கண்ணாடி இழைத் துணி போர்த்தி, பசையைத் தொழில் பழக்கத்தில் எடை போட்டுக் கலந்து பூசினாள். இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்கட்டுமே என்று, உடையாத வலது பக்கத்துக்கும் அதே வைத்தியம் செய்தாள். கடைசியில் வர்ணம். சாயங்காலம் வந்த மனுஷர் வழக்கம்போல வாலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

முதல் தடவை பறந்து இறங்கட்டும், சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று அவள் இருந்துவிட்டாள். நல்லது செய்தோம் என்ற நிம்மதி நெஞ்சில் இருந்தால், ஒரு வார்த்தையை ஒளித்து வைப்பது பெரிய தப்பாகத் தெரிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊருக்கு வெளியே, புல் வெட்டிய நீளமான மைதானம். பத்துப் பதினைந்து பேர் தங்கள் விமானங்களோடு வந்திருந்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது விமானம் முதல் முறை கிளம்பும் முன், இறக்கையின் அடியில் பென்சிலால் வைத்த இரண்டு புள்ளிகளில் ஆளுக்கொரு விரலை வைத்து இரண்டு பேர் தூக்கிப் பார்க்க வேண்டும். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் சரி. வால் தாழ்ந்தால் பறக்கக் கூடாது. இந்த வாரம் மெக்கானிக்கோடு சேர்ந்து தூக்க வேண்டிய முறை பேங்க் கேஷியருடையது. போன வருடம் அவருடைய விமானமும் மெக்கானிக்கின் பழைய சின்ன விமானமும் வானத்தில் உரசிக்கொண்டன. யார் குறுக்கே வந்தது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"தூக்கறதெல்லாம் வேணாம். போன மாசமே வீட்டுல பாத்தாச்சு. எனக்குத் தெரியாம இதுல ஒரு கிராம் ஏறாது" என்றார் மெக்கானிக், எல்லார் காதிலும் விழும்படி.

கேஷியர் தன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி வானத்தைப் பார்த்தார்.

கூட வந்திருந்த மனைவி பேக்கரிக்காரர் பக்கத்தில் நின்றாள். அவர் தன் விமானத்தின் வாலில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணா, அழகான ஸ்டிக்கரைப் பாதியா வெட்டிட்டீங்க?"

"வால் ஆச்சே, அண்ணி. இங்க பத்து கிராம் ஏறினா மூக்குல முப்பது கேக்கும். மூக்கு கிட்ட, வால் தூரம். தராசுக் கணக்குதான்."

தான் எடை போட்டுக் கலந்த பசை அவள் நினைவுக்கு வந்தது. "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இருநூறு கிராம் ஏறிட்டா?"

"இருநூறா! வாலா அது, அம்மிக்கல்லா? கிளம்பின உடனே மூக்கைத் தூக்கிக்கும். அப்புறம் சொன்ன பேச்சு கேக்காது. பொறுக்கி எடுக்க ஒரு சாக்கு போதும்."

அந்தப் பக்கம் மெக்கானிக் பெட்ரோல் கேனைத் திறந்துகொண்டிருந்தார். மூன்று வருட உழைப்பு புல்மேல் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. சுற்றிலும் அவருடைய நண்பர்கள். இப்போது சொன்னால் அவர் தலை குனியும். சொல்லாவிட்டால் விமானம் போகும். ஐந்து நிமிடம் அவகாசம்கூட இல்லை. அவள் மனதுக்குள் ஒரே ஒரு முறை கடவுளைக் கூப்பிட்டாள். பிறகு வேகமாக நடந்தாள்.

"ஏங்க, பெட்ரோல் ஊத்தாதீங்க."

"என்னம்மா, சகுனத் தடையா?"

"வால் உடைஞ்சுபோச்சுங்க. பத்து நாள் ஆச்சு. இஸ்திரி மேசை விழுந்துச்சு. நான்தான் ஒட்டினேன். இருநூறு கிராம் பசை. உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

கேன் அவர் கையில் அப்படியே நின்றது. திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை போலிருந்தது.

"எங்க?" என்றார்.

அவள் காட்டினாள். அவர் மண்டியிட்டு விரலால் தடவினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு படுமளவுக்குக் குனிந்து தேடினார். பேக்கரிக்காரர் வந்து தேடினார். இன்னும் நாலு பேர் தேடினார்கள்.

"இங்க ஒண்ணுமே இல்லையே, அண்ணி. சும்மா வம்புக்குச் சொல்றீங்களா?"

அப்போது நாற்காலி கிறீச்சிட்டது. கேஷியர் எழுந்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேராக இறக்கையின் மறுமுனைக்குப் போனார். புள்ளிக்கு அடியில் விரலை வைத்தார்.

"தூக்குய்யா" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் மெக்கானிக்கிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மெக்கானிக் மறு புள்ளியில் விரலை வைத்தார். தூக்கினார்கள். வால் சத்தமில்லாமல் தாழ்ந்தது.

"தங்கச்சி வாயைத் திறக்கலைன்னா இந்நேரம் நீ சாக்கு தேடிட்டு இருப்ப" என்ற கேஷியர், தன் காரின் பின்பக்கத்தைத் திறந்து, டயரைச் சமன் செய்ய ஒட்டுகிற ஈயப் பட்டைகளைக் கொண்டுவந்தார். மூக்கில் வைத்துத் தூக்கினார்கள். போதவில்லை. பேக்கரிக்காரர் தன் பெட்டியில் இருந்ததைக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. கேஷியர் யோசிக்கவே இல்லை. தன் காரின் சக்கரத்தில் ஒட்டியிருந்ததையே பெயர்த்து எடுத்துவிட்டார்.

"ஐயோ, வண்டி ஆடுமே!" என்றார் மெக்கானிக்.

"வீட்டுக்கு மெதுவா போறேன். என் சம்சாரம் ரொம்ப நாளா அதைத்தான் சொல்லிட்டிருக்கா."

அறுநூறு கிராமில் மூக்கு லேசாகத் தாழ்ந்தது. இன்ஜின் பலகையில் பட்டைகளை ஒட்டி, அசையாமல் கம்பியால் கட்டினார்கள். பெட்ரோல் ஊற்றினார்கள். இன்ஜின் இரண்டு முறை இருமி, மூன்றாவதில் உறுமியது. விமானம் புல்லில் ஓடி, வாலைத் தூக்கி, கொஞ்சம் தாமதமாகத்தான் தரையை விட்டது. விட்ட பிறகு அதற்குச் சந்தேகமே இல்லை. மைதானத்தைச் சுற்றி வந்து, இறக்கையைச் சாய்த்து, தலைக்கு மேலே முழங்கிக்கொண்டு போனது. அவள் கை கூப்பியதை யாரும் கவனிக்கவில்லை.

இறங்கி வந்து நின்ற விமானத்தின் வாலை மெக்கானிக் மறுபடியும் தடவினார்.

"மூணு வருஷமா தினமும் தொட்டுப் பாக்கற எனக்கே தெரியலை" என்றார் மெதுவாக. "சொல்லியிருந்தா கத்தியிருப்பேன்னுதானே சொல்லலை?"

"ஆமா."

"கத்தித்தான் இருப்பேன். இனிமே கத்தினாலும் பரவாயில்லைன்னு சொல்லிடு. நான் கத்தறதைக் குறைச்சுக்கறேன்."

அவள் தலையாட்டினாள். அதற்குள் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கேஷியர் தன் விமானத்தைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றார். இறக்கை நுனியில் போன வருடத்து உரசலின் பிளவு, டேப் சுற்றி அப்படியே இருந்தது.

"தங்கச்சி, இதையும் கொஞ்சம் பாக்க முடியுமா?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். யார் குறுக்கே வந்தது என்று ஆரம்பிக்கப் போகிறார் என எல்லாரும் நினைத்தார்கள். அவர் கையை நீட்டி விமானத்தின் பாரத்தைப் பாதி வாங்கிக்கொண்டார்.

அவள் பிளவை விரலால் அளந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, பல் டாக்டரிடம் பேசுகிற அதே குரலில் கேட்டாள்:

"எத்தனை கிராம் வரைக்கும் போகலாம், அண்ணா?"