செர்ரி மரத்தில் தொங்கிய படங்கள்

தன் சினிமா டிவிடிகளை எல்லாம் அண்ணன் தோட்டத்துக் குருவிகளை விரட்டக் கொடுத்தபோது ஒடெட்டுக்குத் துளிகூட வருத்தமில்லை. ஏன் இருக்க வேண்டும்? படங்கள்தான் கணினிக்குள் பத்திரமாகப் போய்விட்டனவே. வெறும் கூடுதானே, எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அவளே மூட்டை கட்டிக் கொடுத்தாள்.

பெய்ரூட்டில், ஃபுர்ன் எல் ஷெப்பாக் பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள் ஒடெட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளம் வந்த அன்று மாலை நேராக டிவிடி கடைக்குத்தான் போவாள். முன்னறைச் சுவர் முழுக்கப் படங்கள். எகிப்து, இத்தாலி, பிரெஞ்சு, இந்திப் படங்கள்கூட உண்டு. உறவுக்காரர்கள் வந்தால் காபியைக் குடித்துவிட்டு அந்தச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். பெற்ற பிள்ளையைத் துடைப்பதுபோல் துடைத்து வைக்கிறாள் பார் என்று படியிறங்கும்போது பேசிக்கொள்வார்கள். படிக்கட்டில் பேசினால் மூன்றாம் மாடிக்குக் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

கடற்காற்று யாரையும் விட்டுவைப்பதில்லை. ஒருநாள் ஒரு படம் பாதியில் நின்றது. எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் பால் படிந்ததுபோல் வெளுப்பு. அடுத்த மாதம் இன்னும் இரண்டு. அன்றைக்குத்தான் ஒடெட் சுவரில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே அத்தை, மாதாமாதம் கொஞ்சம் கட்டினால் போதும் என்றான் அண்ணன் மகன். கட்டிப் பார்த்தாள். நேற்று பாதி பார்த்து நிறுத்திய படம் இன்றைக்கு அங்கே இல்லை. இன்னொன்றைத் தேடினால் 'உங்கள் நாட்டில் இது கிடைக்காது' என்று வந்தது. என் நாட்டில் என்ன கிடைக்கும் என்பதை எனக்கே சொல்லித் தருகிறாயா என்று திரையைப் பார்த்துத் திட்டிவிட்டுப் பணம் கட்டுவதை நிறுத்தினாள். தன் படங்களைத் தானே கணினியில் ஏற்றிக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

சொல்வது சுலபம். அரசு மின்சாரம் எப்போதாவதுதான் வரும்; தெருமுனை ஜெனரேட்டர்காரர் காசு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குக் கொடுப்பது ஐந்து ஆம்பியர். குளிர்பெட்டியும் கணினியும் ஓடலாம். கூடவே வெந்நீர்க் கொதிகலனைப் போட்டால் கீழே பெட்டியில் விசை விழுந்து மின்சாரம் போய்விடும். இறங்கிப் போய் அதைத் தூக்கிவிட்டு மூன்று மாடி ஏறி வந்தால், முக்கால்வாசி ஏறியிருந்த படம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெந்நீரா படமா என்ற கேள்வி வந்தபோதெல்லாம் அந்தக் குளிர்காலத்தில் ஒடெட் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தாள். எதிர்வீட்டு முந்தஹா, இந்தப் பிடிவாதத்தைக் கண்டு, இஸ்திரி போடவேண்டுமென்றால் துணியை ஒடெட் வீட்டுக்கு எடுத்து வராமல் இருக்கப் பழகிக்கொண்டாள். அதுவரை இரண்டு வீட்டுத் துணியும் ஒரே மேசையில்தான் மடிந்தன.

எல்லாப் படமும் ஏறி முடிந்தபின் ஈஸ்டருக்கு வந்த நகீப், மூத்த அண்ணன், வாசலில் கிடந்த டிவிடி மூட்டைகளைப் பார்த்தார். ஹம்மானா மலையில் அவருக்குச் செர்ரித் தோட்டம் இருக்கிறது. குருவிகள் பாதிப் பழத்தைக் கொத்திவிடுகின்றன, பளபளவென்று ஏதாவது தொங்கினால் பயப்படும் என்றார். ஒடெட் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். நடுவில் துளை இருப்பதால் கயிறு கட்ட வசதியாக இருக்கும் என்றுகூடச் சொல்லி அனுப்பினாள்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு பிற்பகல் அரசு மின்சாரம் வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு வந்தது. இந்த ஊரில் அரசு மின்சாரம் வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் மோட்டார், கொதிகலன், அடுப்பு, எல்லாம் ஒரே நிமிடத்தில் ஓடும். ஜெனரேட்டர் பலகையில் இருக்கும் பிளக்கை எல்லாம் பிடுங்கிச் சுவரில் சொருகுவார்கள். கை தானாகவே அதைச் செய்யும். ஒடெட்டின் கையும் செய்தது. கணினியின் பிளக்கை, படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கின் பிளக்கை, இரண்டையும் மின்னழுத்தம் காக்கும் பெட்டியிலிருந்து பிடுங்கி நேராகச் சுவரில் சொருகினாள். கொதிகலனையும் போட்டாள். நல்ல வெந்நீரில் குளித்து எத்தனை நாளாயிற்று!

மின்னழுத்தம் எகிறி விளக்கு திடீரென்று வெள்ளையாக எரிந்தது. முந்தஹா வீட்டுக் குளிர்பெட்டி உறுமி அடங்கியது. முன்னறையில் பிளாஸ்டிக் கருகும் வாடை. பழுது பார்ப்பவன் ஹார்ட் டிஸ்க்கை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, இதற்கு இறுதிச்சடங்குதான் பாக்கி என்றான். வேறு எங்காவது இன்னொரு பிரதி இருக்கிறதா என்று கேட்டான்.

இருந்தது. ஹம்மானாவில், மரத்தில்.

நகீப்பைப் போனில் கூப்பிட்டாள். அவர் பழம் சிவந்துகொண்டிருக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது என்றார். பறிப்பு முடிந்ததும் தானே மூட்டை கட்டி அனுப்புவதாகச் சொன்னார். மலை வெயிலில் ஒவ்வொரு நாளும் படங்கள் வெந்துகொண்டிருக்கின்றன என்று ஒடெட் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கிளப்பியது. முந்தஹாவின் மகளிடம் மடிக்கணினியை இரவல் வாங்கினாள். டிவிடியைக் கணினியில் ஓட்டும் சின்னப் பெட்டியைப் பையில் போட்டாள். கடையில் இருந்த அலுமினியத் தாள் சுருளை எல்லாம் வாங்கிக்கொண்டாள். பகிர்வு டாக்ஸியில் நசுங்கிக்கொண்டு மலையேறினாள்.

தோட்டம் நிறைய ஆட்கள். கிளைக்குக் கிளை அவளுடைய படங்கள் தொங்கிச் சுழன்றன. மேல்பக்கத்தில் அச்சடித்த முகங்கள் வெளிறி யாரென்றே தெரியாமல் போயிருந்தன. அழுதால் நகீப்புக்கு வசதியாகிவிடும் என்று ஒடெட் அழவில்லை. அண்ணி லோரிஸ் காபி போடவா என்று கேட்டதற்கு, ஏணி எங்கே என்று கேட்டாள்.

முதல் படத்தை இறக்கி, கழுத்துத் துணியால் துடைத்து, பழக்கூடை மேல் மடிக்கணினியை வைத்து, சின்னப் பெட்டியில் சொருகினாள். பெட்டி முக்கியது, கரகரத்தது. பழம் பறிக்கும் பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். பிறகு திரையில் ஒரு எகிப்திய நடிகை மாடியிலிருந்து யாரையோ பார்த்து வசை பாடத் தொடங்கினாள். பெண்கள் சிரித்தார்கள். ஒடெட் அதை அணைத்துப் பைக்குள் வைத்தாள். இரண்டாவது ஓடவில்லை. மூன்றாவது ஓடியது.

நகீப் மேல் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தார். முதலில் சாதாரணமாகத்தான் பேசினார்.

"ஏண்டி, பத்து நாள்ல என்ன குடி முழுகிப் போகுது? பறிச்சு முடிக்கட்டும், நானே இறக்கித் தர்றேன்."

"பத்து நாள்ல இதுல பாதி செத்துப் போகும் அண்ணே. அலுமினியத் தாள் கொண்டாந்திருக்கேன், அதைக் கட்டிக்கோ. அதுவும் பளபளன்னுதான் இருக்கு."

"குருவிக்கு உன்னை மாதிரி மூளை இல்லேன்னு நினைச்சியா? ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுரும். இந்த வருஷம் எனக்கு இதுதான் சோறு. உனக்குப் படம்."

அது பொய்யில்லை. ஒடெட்டுக்கும் அது தெரியும். தெரிந்தும் அவள் ஏணியில் ஏறினாள். தன்னுடையதைக் கேட்டு வாங்கும் பெண்ணிடம் எப்போதும் வேறொருவர் சோற்றைக் காட்டுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். கயிற்றை வெட்டி அடுத்த படத்தை இறக்கினாள். பழுத்த செர்ரிக் கொத்து ஒன்று அவள் தோளில் இடித்து உதிர்ந்தது.

நகீப்புக்கு முகம் சிவந்துவிட்டது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துச் சொந்தக்காரரின் வார்த்தையை ஒரு தங்கை கேட்கவில்லை என்பது சாயங்காலத்துக்குள் ஹம்மானா முழுக்கப் போய்விடும். அவர் வாயில் பழைய பாட்டு தானாக வந்தது. இவள் முதல் படத்தை வாங்கிய நாளிலிருந்து ஞாயிறு சாப்பாட்டுக்கெல்லாம் அவர் பாடிய பாட்டு அது.

"அப்பவே தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேன். இந்த பிளாஸ்டிக்குல கொட்டின காசை என்னை மாதிரி பேங்குல போட்டிருந்தா, இன்னைக்கு நீ..."

அங்கே நின்றுவிட்டார். லோரிஸ் தரையைப் பார்த்தாள். கூடை தூக்கிய பெண்கள் வேறு மரத்தைப் பார்த்தார்கள். வங்கிகள் கதவைச் சாத்தி எத்தனையோ வருஷம் ஆகிறது. இளவயதில் துபாயில் சிமெண்ட் தூசு தின்று நகீப் சேர்த்ததெல்லாம் உள்ளே இருக்கிறது. கணக்கில் எண்ணாக இருக்கிறது, கைக்கு வருவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை அவர் கீழே இறங்கிப் போய் அந்த இரும்புக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றுவிட்டுத் திரும்புவார். தோட்டத்தில் நின்றவர்களில் யாருக்கும் அது புதிதில்லை. அவர்கள் வீட்டிலும் அதே கதைதான். பழக்கதோஷத்தில் வந்துவிட்ட வார்த்தை, திருப்பி விழுங்க முடியவில்லை.

ஒடெட் ஏணியிலிருந்து அவரைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பேர் முன்னால், அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள்! உழைத்த காசு முழுக்க இந்த ஊரில் காற்றோடு போனபோது அவள் கையில் மிஞ்சியது இந்தச் சுவர் ஒன்றுதான். அதையும் நெருப்பு தின்றது போக மிச்சம் இங்கே தொங்குகிறது.

"நீ போட்டதை நீ போய் இறக்கிக்கிட்டு வா அண்ணே," என்றாள், குரலை உயர்த்தாமல். "நான் போட்டது மரத்துல இருக்கு. நான் இறக்கிக்கிறேன்."

நகீப் ஏணியைப் பிடிக்க வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லோரிஸ் ஒரு சுருள் அலுமினியத் தாளைப் பிரித்துக் கிழிக்கத் தொடங்கினாள். ஒடெட் கீழே இறங்கி, ஏணியை இழுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.