உம்மு சுஹைலின் வாசற்கம்பி

அகதி முகாமில் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் ஓடும். உம்மு சுஹைலின் வாசலில் இரண்டும் தலையை இடிக்கும் அளவுக்குத் தொங்கின. குழாயோ ஒழுகல் குழாய். மகன் சுஹைல் வேறு இந்த வருஷம் மளமளவென்று வளர்ந்துவிட்டான். போன மழைக்கு அடுத்த சந்தில் ஒருவன் குனிய மறந்து கரண்ட் அடித்துச் செத்தான். அன்றிலிருந்து, மகன் வெளியே கிளம்பினாலே இவள் பின்னாலேயே ஓடிவந்து "குனிடா" என்று கத்துவாள்.

கம்பியைத் தூக்கிக் கட்டச் சொல்லி, கமிட்டித் தலைவர் அபூ ரஸ்மியிடம் நடையாய் நடந்தாள். அவர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"தூக்கிடலாம்மா. ஆனா அந்த இடத்துலதான் போட்டோ நல்லா விழுது. உதவி குடுக்க வர்றவங்க வேற எதைப் பாப்பாங்க, சொல்லு?"

எழுபது வருஷத்துக்கு மேலாக வந்து வந்து பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்கள். குழாயில் வருவது மட்டும் இன்னமும் உப்புத் தண்ணீர்தான்.

உதவி கொடுப்பவர்களின் அடுத்த கூட்டம் வந்த அன்று தூறல். அபூ ரஸ்மி இஸ்திரி கலையாத கோட்டோடு முன்னால் நடந்து வந்தார். கேமராக்காரி குறி பார்த்ததும் உம்மு சுஹைல் வாசலைக் காட்டினாள்.

"நீங்களும் கம்பிக்குக் கீழ வந்து நில்லுங்க உஸ்தாத். எல்லாம் உங்க உழைப்புதானே."

"எனக்கு போட்டோ எல்லாம் பழக்கமில்லம்மா."

முகாமில் பாதிச் சுவர்களில் ஒட்டியிருப்பது அவர் மூஞ்சிதான்.

"பயமா இருக்கா? என் பையன் தினம் இதுக்குக் கீழதான் போய் வர்றான்."

கூட வந்த மொழிபெயர்ப்பாளன் ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டான். வந்தவர்கள் அபூ ரஸ்மியையே பார்த்தார்கள். அவர் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

மறுநாள் கரண்ட் இல்லாத நேரத்தில் இரண்டு ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். கம்பி மேலே போனது. சுஹைல் நிமிர்ந்தபடி வெளியே நடந்தான். உம்மு சுஹைலுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஆட்கள் அதே கம்பியை எதிர்வீட்டுப் பக்கம் இழுத்து, நுஹாத்தின் வாசலில் தொங்கவிட்டார்கள்.

"அடுத்த வாரமும் ஆளுங்க வர்றாங்களாம். அபூ ரஸ்மி சொல்லிட்டாரு" என்றான் ஒருவன்.

நுஹாத் கைக்குழந்தையோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். "ஏன்க்கா, உன்னோடதை என் தலையில கட்டிட்டியா?"

உம்மு சுஹைலுக்குக் கூசிப்போயிற்று. கொஞ்ச நேரம் முன்னால் தான் பட்ட சந்தோஷத்தை நினைக்கவே அசிங்கமாக இருந்தது. விடுவிடுவென்று போய் ஏணியின் கீழ்ப் படியில் உட்கார்ந்தாள்.

"ஏணியை எடுக்கணும்னா அபூ ரஸ்மியை வரச் சொல்லு. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

நுஹாத் குழந்தையோடு வந்து பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.